மேற்கே வைத்த மஞ்சள் பை

திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள ஒரு டிக்கெட் கடையில் நான் வேலை பார்க்கிறேன். ரயில், பஸ், விமானம் மூன்றுக்கும் டிக்கெட் போட்டுத் தருவோம். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் ஊர்ப் பெயரைச் சொல்லி, "எவ்வளவு தூரம்?" என்பார்கள். நான் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று தூரம், இன்னொன்று நேரம். தூரம் மாறாது. நேரம் மாறும். அதே ஊருக்கு ஒருவர் அரை நாளில் போவார், இன்னொருவர் ஒன்றரை நாள் எடுத்துக்கொள்வார். நடுவில் எங்கே இறங்குகிறோம், எவ்வளவு காத்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைத் தமிழிலும் தெலுங்கிலும் தினமும் பலமுறை விளக்குகிறேன். ஆனால் நான் இதுவரை விமானம் ஏறியதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். பாலசமுத்திரம் பக்கத்தில் கரும்பு வைக்கிற குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சித்தூரில் கல்லூரி சேர்ந்தபோது இங்கிலீஷ். நான் திறந்த வழியில் என் தங்கை எனக்கும் முன்னால் போய்விட்டாள். சித்தூரில் நர்சிங் படித்து, பிறகு ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டு, இப்போது பிராங்க்பர்ட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான். தலைப் பிரசவம். தாய் வீட்டுக்கு வர அவளால் முடியாது. அதனால் தாய் அங்கே போகவேண்டும் என்று முடிவானது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுவாள், அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதுவரை அவள் போன அதிக தூரம் வேலூர். விசா கைக்கு வர இழுத்தடித்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால் பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேரும்படி ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து பிராங்க்பர்ட். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பும் விமானம். அதை விட்டால் அடுத்த இடம் குழந்தை பிறந்த பிறகுதான். தங்கை அங்கே அந்நிய மொழிக்காரர்கள் நடுவில் பெண் துணை இல்லாமல் படுத்திருப்பாள் என்பதை நினைத்தாலே அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் டிக்கெட்டைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பா, எங்களுக்கு நைனா, எழுந்து போய்ச் சுவரில் இருந்த தேதி காலண்டரைப் புரட்டினார்.

"டேய், வெள்ளிக்கெழமை மேக்க சூலம்."

எங்கள் பக்கத்தில் சூலம் பார்க்காமல் யாரும் தூரப் பயணம் கிளம்பமாட்டார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே போகக்கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். டிக்கெட் போடும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"அந்த ஊரு எந்தப் பக்கம் கீது?" என்று நைனா கேட்டார்.

"மேக்கதான். கொஞ்சம் வடக்க சாஞ்ச மாதிரி. ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஆவுது."

"அவ்ளோ தூரம் மேக்க போறதுக்கு வெள்ளிக்கெழமைதான் கெடச்சிதா உனுக்கு?"

நான் படித்ததைக் காட்டினேன். "நைனா, பூமி உருண்டை. கெழக்க போனாக்கூட ஜெர்மனி வரும்."

"அப்டின்னா கெழக்கயே இட்டுகினு போ. யாரு வேணாம்னது?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள்: "நாம வூட்டை வுட்டு மெட்ராஸுக்குத்தானே யா போறோம். அது கெழக்க கீது. வெள்ளிக்கெழமை கெழக்குக்கு ஒண்ணும் இல்லியே."

"காரு கெழக்க போவும், ஏரோப்ளேன் மேக்க போவும். இதுல எதுக்குச் சூலம் பாக்கறது?" என்றார் நைனா.

கடைசியில் நைனாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம் வைப்பது என்று முடிவு செய்தார். நல்ல நாளில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், அந்த ஆளின் பொருள் ஒன்றை நல்ல நேரத்தில் எடுத்துப் போய், போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வியாழக்கிழமை மேற்கே போகத் தடை இல்லை. எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் சின்னம்மாவின் வீடு. சின்னம்மா என்றால் நைனாவின் தம்பி மனைவி. புத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

வியாழக்கிழமை நான் திருப்பதியில் வேலையில் இருந்தேன். ராத்திரிதான் ஊருக்கு வந்தேன். "பரஸ்தானம் வெச்சாச்சா?" என்று கேட்டதற்கு "காலையிலியே வெச்சாச்சி" என்றார்கள். நானும் சரி என்று பெட்டியின் எடையைப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டேன். எள்ளுப் பொடி, சுக்கு, பூண்டு லேகியம், குழந்தைக்குப் பழந்துணி என்று பெட்டி பிதுங்கியது.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்தது. ஊரே வந்து நின்றது. அம்மா புதுச் சேலையில், பெரிய பொட்டோடு இருந்தாள். நைனா அவள் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டார். பரஸ்தானம் வைத்தும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை, மேற்குச் சூலத்துக்கு வெல்லம் பரிகாரம். நானும் நைனாவும் கூட ஏறியதும் கார் கிளம்பியது. கிழக்கே பார்த்து நின்றிருந்த கார், அப்படியே கிழக்கே போனது.

திருத்தணியை நெருங்கும்போது நைனாவின் போன் அடித்தது. சின்னம்மா. நைனா எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"இன்னா மாமா, எப்போ வரீங்கோ? நானு பையை வெச்சிகினு வாசல்லியே நின்னுகினு கீறேன். டைம் ஆவுதே."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் மடியைப் பார்த்தாள்.

"எந்தப் பை?" என்று நான் கேட்டேன்.

"மஞ்சப் பை. பரஸ்தானம் வெச்ச பை," என்றாள் அம்மா.

"அதுல இன்னா வெச்ச? பொடவையா?"

"பாஸ்போட்டு."

கார் ஓட்டுகிறவர் தானாகவே ஓரம் கட்டினார்.

"பாஸ்போர்ட்டை எதுக்கும்மா அதுல வெச்ச?"

"எது முக்கியமோ அதுதானே நல்ல நேரத்துல கெளம்பணும்? நீதானே சொன்ன, பாஸ்போட்டு இல்லாம ஒரு அடி எடுத்து வெக்க முடியாதுன்னு."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் சொன்னதையும் ஊர் சொன்னதையும் ஒன்றாகச் சேர்த்து நம்பியிருக்கிறாள். பை மேற்கே போனது, கார் கிழக்கே போனது. சின்னம்மா கார் தன் வீட்டுப் பக்கம் சுற்றி வரும் என்று காத்திருந்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

"வண்டியைத் திருப்புங்க," என்றேன்.

"திருப்பக் கூடாது," என்றார் நைனா.

"நைனா."

"கெளம்பினவ திரும்பி வூட்டு வாசல்ல போயி நிக்கக் கூடாதுடா. அதுவும் புள்ளப்பேறுக்குப் போறவ."

நான் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அதே பயம்தான். விமானத்தைப் பிடித்தாலும் அந்தப் பயத்தோடு அவளை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கடையில் நாள் முழுக்க நான் செய்கிற வேலை என்ன? இந்த வழியில்லை என்றால் வேறு எங்கே இறங்கி மாறலாம் என்று பார்ப்பதுதானே. அதையே செய்தேன்.

"அம்மா திரும்ப வேணாம். வண்டி திரும்பலாம் இல்ல?"

நைனா யோசித்தார். "வண்டிக்கு இன்னா கீது. அது இரும்பு."

அம்மாவையும் நைனாவையும் பெட்டியோடு திருத்தணியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தேன். சின்னம்மாவிடம் போனில், "பையை யார் கிட்டயாவது குடுத்து பைக்ல பள்ளிப்பட்டு வரைக்கும் அனுப்ப முடியுமா? நான் கார்ல எதிர்ல வரேன்," என்றேன். வண்டி மட்டும் முழு தூரமும் போய்த் திரும்பினால் நேரம் போதாது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் பிழைப்போம்.

"பரஸ்தானம் வெச்ச பையை இன்னொரு கையில குடுக்கக் கூடாதுப்பா," என்றார் சின்னம்மா. "நானே எடுத்தாறேன்."

சின்னம்மா மொபெட் ஓட்டுவார். ஆனால் பால் கேனோடு கூட்டுறவுப் பால் சங்கம் வரைக்கும்தான். சாலையில் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. வேறு வழியும் இல்லை.

பள்ளிப்பட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே அந்த மொபெட்டைப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டி, மஞ்சள் பையைக் கழுத்தில் மாட்டி முன்பக்கம் தொங்கவிட்டு, நேராகப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். நாங்கள் ஒலி எழுப்பியும் அவர் நிறுத்தாமல் எங்களைத் தாண்டிப் போனார். கார் திரும்பி அவரைத் துரத்திப் பிடிக்கவேண்டியிருந்தது.

"ஏன் சின்னம்மா நிக்கல?"

"பக்கத்துல பாத்தா பயமா இருக்கும்பா. நேரா பாத்துகினு வந்துட்டேன்." பையைக் கழற்றி என் இரண்டு கைகளிலும் வைத்தார். "பசுப்பு, குங்குமா எல்லாம் வெச்சே கீறேன். அக்காவ பத்திரமா ஏத்தி வுடு. போ, போ, நிக்காத."

பசுப்பு என்று அவர் சொல்வது மஞ்சளை. பையைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் தடவிய அரிசி, இரண்டு வெற்றிலை, பாஸ்போர்ட், நான் அச்சிட்டுக் கொடுத்த டிக்கெட். பாஸ்போர்ட்டின் மூலையில் குங்குமப் பொட்டு. அதிகாரிகள் ஏதாவது கேட்பார்களோ என்று துடைத்துக்கொண்டே வந்தேன். முழுசாகப் போகவில்லை.

திருத்தணியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு சென்னையை நோக்கி ஓடினோம். திருவள்ளூர் வரை பரவாயில்லை. பூந்தமல்லியில் வண்டிகள் அசையவில்லை. அம்மா பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள். நான் போனில் கவுண்டர் மூடும் நேரத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு மணியாகத் திட்டம் போட்டவனுக்கு இந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கைக்குள் அடங்கவில்லை.

விமான நிலைய வாசலில் இறங்கியபோது கவுண்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உள்ளே பயணிகளை மட்டும்தான் விடுவார்கள். அதற்காகத்தான் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டு முன்பே பதிவு செய்திருந்தேன். மொழி தெரியாத பெரியவர்களுக்கு நாங்கள் எல்லோருக்கும் சொல்கிற யோசனை அது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தள்ளுகிற ஆளே வரிசை வரிசையாகக் கூட்டிப்போய் விமானத்தில் ஏற்றிவிடுவார். துபாயிலும் வேறொருவர் வந்து அடுத்த விமானத்துக்குக் கூட்டிப்போவார். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

சீருடை போட்ட ஒரு இளைஞர் நாற்காலியோடு வந்தார். "உட்காருங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடா இது?"

"உன்னைக் கூட்டிகினு போறதுக்கும்மா. உனுக்கு அங்க வழி தெரியாது இல்ல."

"வழிதானே தெரியாது, காலு கீதே. புள்ள பெக்கறவளப் பாக்கப் போறவ நோயாளி மாதிரி குந்திகினு போனா நல்லாவா இருக்கும்?"

"அம்மா, டைம் இல்ல."

"டைம் இல்லன்னுதான் நானும் சொல்றேன்." மஞ்சள் பையையும் கைப்பையையும் நாற்காலியில் வைத்தாள். அந்த இளைஞரைப் பார்த்து, "நீ இத்த தள்ளிகினு முன்னால போ கண்ணு. நான் பின்னாலியே ஓடியாறேன்," என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "ஓடுவீங்களாம்மா?"

"கரும்புக் கட்டு தூக்கிகினு ஓடறவ நான். நீ போ."

அவர் போனார். உண்மையிலேயே வேகமாகப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புதுச் சேலையின் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அம்மா நாற்காலியின் பின்னால் எட்டு வைத்துப் போவதை நானும் நைனாவும் பார்த்தோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் ஒரு சாஸ்திரம்தான். கூட்டத்தில் அந்தச் சேலையின் நிறம் மறையும் வரை நின்றோம். அந்த இளைஞர் என் எண்ணை வாங்கிப் போயிருந்தார். வெகு நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஏறிவிட்டார்கள், ஜன்னல் பக்கம் இடம்.

திரும்பி வரும்போது காரில் நைனா என் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வானில் போகிற விமானத்தை வரைபடத்தில் காட்டுகிற ஒரு ஆப் அதில் இருக்கிறது. சின்ன மஞ்சள் விமானம் ஓடுபாதையிலிருந்து எழும்பி, முதலில் கடல் பக்கமாகப் போய், அப்புறம் வளைந்து திரும்பியது.

"பாத்தியா? மொதல்ல கெழக்கதான் போச்சி," என்றார் நைனா. ஒரு பெரிய வழக்கில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ எங்க கீறா?" என்றார்.

"நம்ம ஊருக்கு மேல தாண்டி இருப்பா."

அவர் கார் ஜன்னல் வழியாக மேலே எட்டிப் பார்த்தார். வெறும் வெயில்தான் இருந்தது.

நான் அன்று திருப்பதிக்குப் போகவில்லை, ஊரிலேயே தங்கினேன். துபாயில் அம்மா இறங்கியதையும் மறுபடி ஏறியதையும் எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. விமானங்கள் வந்ததையும் போனதையும் போன் காட்டியது. அவற்றுக்குள் அம்மா இருக்கிறாளா என்பதை அது காட்டாது. துபாயிலிருந்து பிராங்க்பர்ட் நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்குமேல். அங்கே இறங்கும்போது அவர்களுக்கு ராத்திரி, நமக்கு விடியற்காலை. இதை நைனாவுக்கு மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர் புதிதாகக் கேட்டார்.

விடிந்ததும் வழக்கம்போல் பால் சங்கத்துக்குப் போனோம். சின்னம்மா தன் கேனோடு எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார். முந்தின நாள் அவர் பள்ளிப்பட்டு வரை வண்டி ஓட்டிய கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"இன்னா, பைலட்டம்மா," என்று பால் அளக்கிறவர் கிண்டல் செய்தார். "அடுத்த தபா துபாய்க்கே ஓட்டுவியா?"

"ரோடு போட்டுக் குடு, ஓட்றேன்," என்றார் சின்னம்மா.

அப்போது நைனாவின் போன் அடித்தது. தங்கை. நைனா வழக்கம்போல ஒலிபெருக்கியில் போட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நைனா, அம்மா வந்துட்சி." தங்கை சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் இருந்தாள். "நான் வாசல்ல நின்னுகினு பாத்தா, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு காலி நாற்காலியைத் தள்ளிகினு பின்னால ஓடியாறா. அம்மா பையை மாட்டிகினு முன்னால வருது. அந்தப் பொண்ணு என்கிட்ட கேக்கறா, உங்க அம்மாவுக்கு எங்க ஏர்போர்ட் ஏற்கெனவே தெரியுமான்னு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. என் நெஞ்சு அப்படி நிமிர்ந்து நின்றது. நான் படித்து முடித்தபோது ஊரில் பெருமையாகப் பேசினார்கள், தங்கை விமானம் ஏறியபோதும் பேசினார்கள். அந்த இரண்டும் சேர்ந்து என் அம்மாவின் அந்த நடைக்கு ஈடாகாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன் அம்மாவின் கைக்கு மாறியது. "கேக்குதா யா?"

"கேக்குது," என்றார் நைனா.

சின்னம்மா குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார். "அக்கா, துபாய்ல எப்பிடி மாறின?"

"பக்கத்துல ராயச்சோட்டி பொம்பள ஒருத்தி குந்திகினு இருந்தா. அங்க வூட்டு வேலை செய்யறாளாம். தெலுங்குல பேசிகினே போனோம். அவ இது எங்க வூட்டு ஆளுன்னு சொல்லி அந்த நாற்காலிக்காரன் கையில வுட்டுட்டுதான் போனா."

"எவ்ளோ தூரம்கா அது? உன் புள்ள ஏழாயிரம்னு இன்னாமோ சொல்லிகினு கீறான்."

"தூரமெல்லாம் எனக்குத் தெரியாதுமே. மூணு தபா துன்ன குடுத்தாங்க. ரெண்டு தபா ஏறினேன், ரெண்டு தபா எறங்கினேன். கடைசில பாத்தா பொண்ணு நின்னுகினு இருந்தா. வயிறு நல்லா எறங்கி கீது. இன்னும் நாளு இல்ல. நல்ல வேளை வந்துட்டேன்."

நைனா ஒலிபெருக்கியை நிறுத்தினார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, வரிசையை விட்டு விலகி, சாலையைக் கடந்து கரும்புக் கொல்லை ஓரமாக நடந்தார். அவர் என்ன கேட்டார், அம்மா என்ன சொன்னாள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. எங்கள் கேன் முன்னால் நகர்ந்தபோது நானே தூக்கி அளவுக்கு வைத்தேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.